வெயில் ஊரிலிருந்து மழைக் கடற்கரைக்கு: முதல் வருடத் தொல்லைகள், அறிகுறி வாரியாக

முதல் குளிர்காலம் பாதி போவதற்குள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளோடுதான் கூப்பிடுகிறார்கள். ஜன்னலில் தண்ணீர் வழிகிறது, பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்திருக்கிறது, துணி நாறுகிறது, காலையில் எழவே முடியவில்லை. வெயில் ஊரில் இந்த வேலைகளையெல்லாம் வெயிலே சும்மா செய்து கொடுத்துவிடும். துணியைக் காய வைக்கும், மெத்தையை உலர்த்தும், சுவரைச் சூடாக்கும், நேரத்துக்கு நம்மை எழுப்பியும் விடும். குளிர்ந்த, மழை ஓயாத கடலோர ஊரில் ஒவ்வொன்றையும் நாமே செய்ய வேண்டியிருக்கிறது. நானும் அப்படி இடம் மாறி வந்தவன்தான். அப்புறம் வந்த பலருடைய வீடுகளில் இதே தொல்லைகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் கிடைத்த வரிசை இது. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத வழி முதலில், செலவு பிடிப்பது கடைசியில்.

எதைத் தொடங்கும் முன்பும் ஒரு ஈரப்பத மீட்டர் வாங்குங்கள். மலிவானது போதும், ஆனால் சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு மூடியில் உப்பைப் போட்டுச் சில சொட்டு நீர் விட்டு ஈரமணல் போலக் குழைத்து, மீட்டரோடு சேர்த்து ஒரு டப்பாவில் இறுக மூடி இரவு முழுக்க வையுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால், இனி எப்போதும் 5 கூட்டிப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்குள் 40 முதல் 60 வரை இருந்தால் நல்லது. நாள் கணக்கில் 70-ஐத் தாண்டி நின்றால் கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று கட்டாயம் வரும்.

## காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர்

முதலில் விரலால் கண்ணாடியைத் தடவி, நீர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

வெளிப்பக்கம் என்றால் விட்டுவிடுங்கள். கண்ணாடி நன்றாகக் குளிரைத் தடுக்கிறது என்று அர்த்தம். வெளியே கொஞ்சம் சூடு ஏறியதும் தானாகப் போய்விடும்.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் என்றால் ஓரத்து அடைப்பு விட்டுப்போயிருக்கிறது. துடைத்தும் பயனில்லை, அறையைக் காய வைத்தும் பயனில்லை. சட்டம் நன்றாக இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றலாம். ஜன்னலையே மாற்றச் சொன்னால் இன்னொருவரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

உள்பக்கம் என்றால் (பத்தில் ஒன்பது வீடு இதுதான்) அறைக் காற்றில் ஈரம் அதிகம். 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 60 சதவீதமாக இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் பூக்கும். குளிர்கால இரவில் ஒற்றைக் கண்ணாடி அதைவிடக் குளிர்ந்துவிடும். இந்த வரிசையில் செய்து பாருங்கள்:

1. காலையில் ரப்பர் வைப்பரால் நீரை வழித்து, துணியில் பிழிந்து வெளியே ஊற்றுங்கள். அந்தத் துணியை அறைக்குள்ளேயே காயப் போட்டால் எடுத்த நீர் திரும்பக் காற்றுக்கே போகும்.
2. எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் முழுக்கத் திறந்து வையுங்கள். நாள் முழுக்க ஒரு விரல் இடைவெளி விடுவதைவிட இது நல்லது. சுவர் குளிராது, காற்று மாறிவிடும்.
3. சமைக்கும்போது பாத்திரத்தை மூடுங்கள். குளிக்கும்போது கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள், முடித்த பிறகும் 20 நிமிடம் ஓடட்டும்.
4. அந்த ஃபேன் உண்மையில் இழுக்கிறதா? ஒரு டிஷ்யூ தாளை அதன் கம்பி வலையில் வைத்துப் பாருங்கள். ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் வலையைக் கழற்றித் தூசியைத் துடையுங்கள். அப்போதும் விழுந்தால் ஃபேனையோ குழாயையோ பார்க்க ஆள் வேண்டும்.
5. இத்தனைக்குப் பிறகும் மீட்டர் 65-க்குக் கீழே இறங்காவிட்டால் டீஹியூமிடிஃபையர் (காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் மெஷின்) வாங்குங்கள். கம்ப்ரசர் வகை 15 டிகிரிக்கு மேல் உள்ள அறைகளில் நன்றாக வேலை செய்யும். அதைவிடக் குளிரான அறைக்கு உறிஞ்சு பொருள் வைத்த டெசிகன்ட் வகை நல்லது, மின்சாரம் மட்டும் கூடுதலாகும்.

இரண்டாவது படியைச் சொன்னவுடன் எல்லோரும் கேட்பது: "வெளியே மழை கொட்டுகிறதே, ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளேதானே வரும்?" வெயில் ஊரில் பழகிய அறிவு அப்படித்தான் சொல்லும். இங்கே நடப்பது வேறு. வெளியே 8 டிகிரி, 100 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் சுமார் 46 சதவீதம்தான். குளிர்காற்றால் அதிக நீரைச் சுமக்க முடியாது. அதனால் குளிர்காலத்தில் மழை நாளிலும் தைரியமாகத் திறக்கலாம். கோடையில், வெளிவெப்பமும் உள்வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் மழை நாட்களில் மட்டும் இது பலிக்காது. அப்போது மெஷின்தான்.

## சுவரில், பீரோவுக்குப் பின்னால் கரும்புள்ளிகள்

ஒரு நண்பர் வீட்டில் படுக்கையறைக்குள் நுழைந்ததுமே ஈரச் சாக்கு வாசம் அடித்தது. அறை பளிச்சென்று இருந்தது, சுவரில் ஒரு கறைகூட இல்லை. பீரோவை இரண்டு பேராக இழுத்தோம். அதன் பின்பலகையில் சாம்பல் நிறத்தில் வெல்வெட் போல ஒரு படலம். சுவரில் பீரோவின் அளவுக்கே, யாரோ வரைந்தது போல, கறுப்பு நீள்சதுரம். உள்ளே தொங்கிய கோட்டின் தோள்பட்டையில் வெள்ளைப் பொடி. அவர் செய்த தவறு ஒன்றே ஒன்று: வெளிச்சுவரில் பீரோவை ஒட்ட வைத்திருந்தார். அறைச் சூடு அந்தச் சுவரை எட்டவில்லை, காற்றும் புகவில்லை.

முதல் சோதனை, ஈரம் எங்கிருந்து? ஒரு அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப்பால் இறுக ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப் பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து நீர் வருகிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பெயின்டுக்கும் மருந்துக்கும் காசு கொட்டியவர்களைப் பார்த்து எனக்கு மனம் கஷ்டப்பட்டிருக்கிறது. தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

அறை ஈரம் என்றால்: பீரோ, சோபா, கட்டில் தலைமாடு எல்லாவற்றையும் வெளிச்சுவரிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டர் தள்ளுங்கள். முடிந்தால் உள்சுவருக்கு மாற்றுங்கள். தரையில் நேராக மெத்தை போட்டிருந்தால் உடனே தூக்கிப் பாருங்கள். அடியில் பூஞ்சை இருக்க நிறைய வாய்ப்பு. சட்டக் கட்டில் வாங்கும் வரை காலையில் மெத்தையை எடுத்துச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். புழங்காத அறையை ஹீட்டர் இல்லாமல் மூடிப் போடாதீர்கள். மற்ற அறைகளின் ஈரம் அங்கே போய்த்தான் படியும். அதையும் 15 டிகிரிக்கு அருகில் வைத்திருங்கள்.

சுவர் ஈரம் என்றால், நல்ல மழையில் குடையோடு வெளியே போய் அந்தச் சுவரைப் பாருங்கள். மழை நின்ற பிறகு பார்த்தால் ஒன்றும் தெரியாது. கூரை விளிம்பில் மழைநீரை வாங்கி இறக்கும் குழாயில் இலை அடைத்து, நீர் சுவரில் வழிகிறதா? ஜன்னல் சட்டத்தைச் சுற்றி விரிசலா? வெளிமண் சுவரோரம் உயர்ந்து கிடக்கிறதா? குழாய் அடைப்பு என்றால் ஒரு மணி நேர வேலை. உயரத்துக்கு மட்டும் ஆள் வையுங்கள், ஈர ஏணியில் ஏற வேண்டாம். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை அலைக்கோடு போலக் கறையும் உப்புப் பூத்தலும் இருந்தால் நிலத்து நீர் ஏறுகிறது. மழை இல்லாத வாரத்திலும் ஒரு திட்டு பெரிதாகிக்கொண்டே போனால் உள்ளே குழாய் கசிகிறது. எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். நிலத்து நீர் என்று சந்தேகம் வந்தால், மருந்து விற்காத, சோதனை மட்டும் செய்து அறிக்கை தருகிற நிபுணரை அழையுங்கள்.

ஏற்கெனவே பிடித்த பூஞ்சையை எடுப்பது: கையுறை, முகக்கவசம் போட்டு, ஜன்னலைத் திறந்து, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் அறை முழுக்கப் பரவும். ப்ளீச்சோடு வினிகரையோ அமோனியா கலந்த எதையுமோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷ வாயு வரும். கறை ஏறக்குறைய ஒரு சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ, வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ கைக்குழந்தையோ இருந்தாலோ ஆள் வைத்துச் செய்யுங்கள். வாடகை வீடு என்றால் துடைக்கும் முன் தேதியோடு படம் எடுத்து, வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

## துணி காயவில்லை, காய்ந்தாலும் நாறுகிறது

ஒரு நடை துணி வீட்டுக்குள் காயும்போது சுமார் 2 லிட்டர் நீர் காற்றில் ஏறுகிறது. முதல் இரண்டு தலைப்புகளின் வேரும் பல வீடுகளில் இதுதான்.

வாஷிங் மெஷினில் ஸ்பின்னை மட்டும் இன்னொரு முறை ஓட்டுங்கள். இதைவிட மலிவான காய வைக்கும் வழி கிடையாது. அப்புறம் துணிகளுக்கு நடுவே கை போகும் இடைவெளி விட்டு, ஒரு சின்ன அறையில் கதவைச் சாத்தி, டீஹியூமிடிஃபையரும் மின்விசிறியும் போடுங்கள். ஒரு நாளுக்குள் காயாத துணிதான் நாறும். திரும்ப நனைந்தாலே வாசம் வருகிறதென்றால் கிருமி நூலில் தங்கிவிட்டது, துணி தாங்கினால் 60 டிகிரியில் துவையுங்கள். எல்லாத் துணியும் நாறினால் மெஷினைச் சந்தேகப்படுங்கள். கதவு ரப்பரின் மடிப்பை விரித்துப் பாருங்கள், கறுப்பாக வழவழவென்று இருக்கும். அதைத் துடைத்து, காலி மெஷினை அதிகச் சூட்டில் ஒரு முறை ஓட்டிவிட்டு, இனிமேல் கதவைத் திறந்தே வையுங்கள்.

இதெல்லாம் செய்தும் குடும்பத்துத் துணி தீரவில்லை என்றால் டிரையருக்குச் செலவு செய்யலாம். வெளியே குழாய் விட்டுக் காற்றைத் தள்ளும் வகை என்றால் அந்தக் குழாய் உண்மையிலேயே வெளியேதான் போகிறதா என்று உறுதி செய்யுங்கள்.

## மரக்கதவு இறுகி மூட மாட்டேன் என்கிறது

இழைக்காதீர்கள். மழைக்காலத்தில் மரம் குறுக்காக உப்பும், ஈரம் இறங்கியதும் சுருங்கும். உப்பிய நிலையில் இழைத்தால் கோடையில் காற்று புகும் இடைவெளிதான் மிஞ்சும். முதலில் கீல் திருகுகளை இறுக்குங்கள், பாதிக் கதவுகள் அதிலேயே சரியாகும். உரசும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். வறண்ட நாட்கள் வந்ததும் கதவின் மேல், கீழ் விளிம்புகளுக்கு வார்னிஷ் அடியுங்கள், அவற்றைப் பெரும்பாலும் யாரும் பூசியிருக்க மாட்டார்கள். வறண்ட காலத்திலும் இறுகினால் தச்சரைக் கூப்பிடலாம்.

## எதைத் தொட்டாலும் துரு

கடற்காற்றில் வரும் உப்புத்தூள் எல்லாவற்றிலும் படிகிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரைகிறது. ஆகவே மழையில் நனையாத பொருளும் துருப்பிடிக்கும். மருந்து, நல்ல தண்ணீர்தான். சைக்கிள், கேட், பால்கனிக் கம்பி எல்லாவற்றையும் அடிக்கடி கழுவித் துடையுங்கள். சங்கிலிக்கு எண்ணெய் போடுங்கள். வெளியே மாட்டும் திருகு, கொக்கி வாங்கும்போது 316 வகை எவர்சில்வர் கேளுங்கள். வழக்கமான 304 கடலோரத்தில் பழுப்பேறிவிடும். காருக்கு மேலே பளபளப்பாக்கிப் பயனில்லை, அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். இரவு நின்ற கார் காலையில் பிரேக் பிடிக்கும்போது கரகரத்து, சில முறை பிடித்ததும் சரியானால் அது மேல்துரு, பயமில்லை. சத்தம் தொடர்ந்தால் மெக்கானிக்.

மழை பெய்யும்போது மட்டும் வீட்டு மின்சாரம் டிரிப் ஆகிறதா? வெளி விளக்கு, வெளி பிளக் ஆகியவற்றின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரே ஒரு முறை போட்டுப் பாருங்கள். நின்றால் கோளாறு வெளியே. எப்படியானாலும் எலக்ட்ரீஷியன்தான் பார்க்க வேண்டும், திரும்பத் திரும்பத் தட்டிப் போடக் கூடாது.

## ஹீட்டர் ஓடுகிறது, உடம்பு நடுங்குகிறது

கதவடி, ஜன்னல் ஓரம், தபால் துளை எல்லாவற்றிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். உள்ளங்கையைவிடப் புறங்கைக்குக் காற்று நன்றாகத் தெரியும். நுரைப்பட்டை ஒட்டினால் போதும். ஆனால் காற்றுக்கென்றே வைத்த சுவர்த் துளைகளை அடைக்காதீர்கள்.

ரேடியேட்டர் (உள்ளே வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் பலகை) மேலே குளிர்ந்து கீழே சூடாக இருந்தால் உள்ளே காற்று. ஹீட்டிங்கை அணைத்து, ஆறிய பிறகு, மேல் ஓரத்துத் திருகை மெல்லத் திறந்து சீறல் நின்று நீர் எட்டிப் பார்க்கும்போது மூடுங்கள். கீழே குளிர்ந்து மேலே சூடாக இருந்தால் சகதி படிந்திருக்கிறது, அது ஆள் வைத்துச் செய்யும் வேலை.

புகைக்குழாய் இல்லாத மண்ணெண்ணெய், கேஸ் ஹீட்டர்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக வீட்டுக்குள் சேர்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு. வீட்டில் இருக்கும்போது தலைவலி, குமட்டல், மயக்கம், வெளியே போனால் சரியாகிறது, ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு வருகிறது. இப்படி இருந்தால் சோதனை எதுவும் வேண்டாம். எல்லோரும் உடனே வெளியே வந்து, அவசர உதவியை அழையுங்கள். நீல நிறத்தில் எரிய வேண்டிய கேஸ் சுடர் மஞ்சளாக எரிவதும் எச்சரிக்கைதான். எரிபொருளில் ஓடும் எந்த ஹீட்டர் இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். செலவில் சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் இது.

## மழைக்கோட்டு போட்டும் நனைகிறேன்

கடலோரத்தில் மழை பக்கவாட்டில் அடிக்கும், குடையை நம்ப முடியாது. கோட்டின் மேல் ஒரு கை நீரைத் தெளியுங்கள். முத்து முத்தாக உருண்டால் துணி நன்றாக இருக்கிறது. உள்ளே இருப்பது வியர்வை, அல்லது கழுத்திலும் மணிக்கட்டிலும் புகுந்த நீர். நீர் பரவி ஊறினால், துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல் துவைத்து, லேபிள் அனுமதித்தால் டிரையரில் மிதமான சூட்டில் போடுங்கள். அதற்கும் ஊறினால் நீர்விலக்கி ஸ்ப்ரே. தையல் மேல் ஒட்டிய நாடா உரிந்திருந்தால் புதிதுதான். உள்ளே பருத்தி வேண்டாம், நனைந்தால் குளிரைப் பிடித்துவைக்கும். கம்பளி ஈரத்திலும் சூடு தரும்.

## கால்விரல் சிவந்து, வீங்கி, அரிக்கிறது

வெயில் ஊரிலிருந்து வந்தவர்கள் இதைப் பூச்சிக்கடி என்றே நினைக்கிறார்கள். குளிரிலும் ஈரத்திலும் இருந்துவிட்டு வந்த சில மணி நேரத்தில் விரலில் அரிப்பும் எரிச்சலுமாக வந்தால் அது சில்பிளேன். கருமையான தோலில் சிவப்பாகத் தெரியாமல் ஊதா கலந்து தெரியும். செய்யக் கூடாதது: காலை ஹீட்டரிலோ வெந்நீரிலோ வைப்பது. மெல்ல மெல்லத்தான் சூடேற வேண்டும். ஈரச் சாக்ஸை உடனே மாற்றுங்கள், இறுக்கமான ஷூவை ஒதுக்குங்கள், இரண்டு ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு ஜோடி காய முழு நாள் வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். ஆறாவிட்டால், புண்ணானால், சீழ் வைத்தால், அல்லது உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

## எழ முடியவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை

இதைத்தான் எல்லோரும் கடைசியில், தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள். சோம்பேறி ஆகிவிட்டேன், இந்த ஊர் எனக்கு ஒத்துவரவில்லை என்று தங்களையே குற்றம் சொல்லிக்கொள்வார்கள். முதலில் அதை நிறுத்துங்கள். வெளிச்சம் குறைந்ததற்கு உடம்பு காட்டும் பதில் இது. குளிர்கால மனச்சோர்வு என்று மருத்துவர்கள் இதை 1984-லேயே விவரித்திருக்கிறார்கள். அதிகத் தூக்கம், மாவுப் பண்டங்கள் மீது ஆசை, எடை ஏறுவது, ஆட்களைத் தவிர்ப்பது எல்லாம் இதன் அடையாளங்கள்.

காசில்லாதது: விடிந்த ஒரு மணி நேரத்துக்குள் அரைமணி வெளியே நடங்கள். மேகம் மூடியிருந்தாலும் பரவாயில்லை. வீட்டு விளக்கு வெளிச்சம் 500 லக்ஸைத் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) தாண்டுவதே அரிது, மேகமூட்டமான பகலிலும் வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். மேஜையை ஜன்னலோரம் போடுங்கள். எழும் நேரத்தை விடுமுறையிலும் மாற்றாதீர்கள்.

சின்னச் செலவு: நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிய ஊர்களில் குளிர்கால வெயிலால் தோலில் வைட்டமின் டி ஏறக்குறைய உண்டாவதே இல்லை. தோல் கருமையாக இருந்தால் கோடையிலும் கூடுதல் நேரம் தேவை. பிரிட்டனில் இலையுதிர், குளிர் காலங்களில் எல்லோருக்குமே தினம் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட், பரிந்துரைக்கிறார்கள். இடுப்பும் தொடையும் வலித்து, படியேறச் சிரமமாக இருந்தால் நீங்களாகக் கூட்டிச் சாப்பிடாமல் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அதோடு தைராய்டும் ரத்தசோகையும் பார்த்துவிடுங்கள். மூன்றும் ஒரே மாதிரிச் சோர்வைத் தரும்.

அடுத்தது: 10,000 லக்ஸ் ஒளிப்பெட்டி. காலையில் 20 முதல் 30 நிமிடம், முகத்துக்குச் சற்றுத் தள்ளி, நேராக உற்றுப் பார்க்காமல். மாலையில் வைத்தால் தூக்கம் கெடும். கண் நோய் இருந்தாலோ, மனம் அளவுக்கு மீறி எழுந்து விழும் இருமுனைக் கோளாறு இருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

எப்போது டாக்டர்: இரண்டு வாரம் தொடர்ந்து மனம் தாழ்ந்தே இருந்தால், வேலையோ சாப்பாடோ தூக்கமோ கெட்டால், அடுத்த குளிர்காலம் வரை காத்திருக்காமல் போங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றைக்கே, அந்த மணியிலேயே, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி அவசர உதவியை அழையுங்கள். ஊரில் யாரையும் தெரியாவிட்டால் பழைய ஊரில் உங்களைத் தெரிந்தவருக்குப் போன் போடுங்கள். உதவி வந்து சேரும் வரை லைனிலேயே இருக்கச் சொல்லுங்கள்.